கிளா வேலி: திருகோணமலை மணலில் முள்வேலி வளர்க்கும் முறை

திருகோணமலை நகரத்தில் வேலி போடுகிறவர் ஆடு மாட்டை மட்டும் நினைத்தால் போதாது, மானையும் நினைக்க வேண்டும். பிரடரிக் கோட்டைக்குள்ளும் கடற்கரைப் பக்கத்திலும் திரிகிற புள்ளிமான்கள் இருட்டியதும் ஒழுங்கைகளுக்குள் இறங்கிவிடும். அவற்றின் வாய்க்கு எட்டுகிற உயரத்தில் ஒரு தளிரும் மிஞ்சாது. மாலையில் துளிர்த்து நின்ற செவ்வரத்தை விடியும்போது வெறும் குச்சியாக நிற்கும். இதற்காக முள்ளுக்கம்பி அடிக்கிறார்கள். நம் கடற்காற்றில் அந்தக் கம்பி சில வருடங்களில் துருவேறிப் பொடிந்துவிடுகிறது. பொடியும்வரை மானின் கழுத்தையும் வயிற்றையும் கிழித்துக்கொண்டிருக்கிறது. கம்பியில் சிக்கிய மான் எழுப்பும் சத்தத்தை ஒரு தடவை கேட்டவர் மறுபடி அந்தக் கம்பியை வாங்க மாட்டார்.

சாம்பல்தீவில் என் வீட்டு வளவில் கன்றுகள் வளர்த்துக் கொடுக்கிறேன். மாங்கன்று, எலுமிச்சை, கறிவேப்பிலை கேட்டு வருகிறவர்களிடம் "உங்கள் வேலி எப்படி?" என்று நானாகவே விசாரிப்பேன். தகரம், கம்பி என்று பதில் வந்தால் கிளாக் கன்றைக் கையில் எடுத்துக் கொடுப்பேன். மணலில் வளரும், வெயிலைத் தாங்கும், உப்புக்காற்றை ஓரளவு பொறுக்கும், முள்ளால் வளவைக் காக்கும், பூவும் தரும், காயும் தரும். இப்படி ஒரு செடி நம் வறண்ட காடுகளிலேயே நிற்கும்போது தகரத்துக்குக் காசு கொட்டுவது எனக்குப் பொறுக்கவில்லை.

செடியை முதலில் சரியாகப் பார்த்துக்கொள்ளுங்கள்

கிளா, களா இரண்டும் ஒன்றுதான். சிங்களத்தில் மகா கரம்ப என்பார்கள். கந்தளாய்ப் பக்கத்து நாற்றுமேடைகளில் அந்தப் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். இதன் தம்பி போல ஹீன் கரம்ப என்ற சிறுகிளாவும் உண்டு. அதன் பழம் சிறியது. வேலிக்கு ஆகும், ஊறுகாய்க்குப் பெரிய கிளாதான் வேண்டும்.

இலைகள் சோடி சோடியாக எதிரெதிரே வரும். தடித்த, பளபளப்பான, ஓரம் வெட்டில்லாத இலை. கணுக்களில் முள் இரட்டையாக நிற்கும். ஓர் அங்குலத்துக்கு மேல் நீண்ட முள், சிலவற்றில் நுனி இரண்டாகப் பிரிந்திருக்கும். கிளையை ஒடித்தால் வெள்ளைப் பால் கசியும். அரளியின் குடும்பம் என்பதால் அந்தப் பால். ஆனால் கிளாப்பழம் உண்ணத் தகுந்தது.

மொட்டைக் கிட்டப் பார்த்தால் முறுக்கிச் சுருட்டிய வெள்ளைத் திரியாக இருக்கும். விரியும்போது அந்த முறுக்கு அவிழ்ந்து ஐந்து இதழும் ஒன்றன்மேல் ஒன்று விளிம்பு படிந்து நிற்கும். பூக்குழலின் வெளிப்புறத்தில் சில செடிகளில் இளஞ்சிவப்பு ஓடியிருக்கும். மணம் மல்லிகைக்குக் கிட்ட வரும். பிறகு வருகிற காய் ஒரு பக்கம் வெளிர்ந்தும் வெயில் படுகிற பக்கம் சிவந்தும் இருக்கும். நன்றாகச் சிவக்கும், பழுத்து முதிரும்போது கருமைக்குப் போகும். ஒரே கொத்தில் வெள்ளைப் பூவும் சிவந்த காயும் கருத்த பழமும் சேர்ந்து நிற்பதை நான் வருடாவருடம் பார்க்கிறேன். இன்னும் நின்று பார்க்காமல் கடந்து போக முடிந்ததில்லை. களங்காய்க்கண்ணி நார்முடிச்சேரல் என்று ஒரு சேர அரசன் இந்தக் காயைக் கோத்த கண்ணியைச் சூடிக்கொண்டதாகப் பழைய பாட்டுகள் சொல்கின்றன. அவன் சூடியதில் எனக்கு வியப்பே இல்லை.

பிள்ளைகள் உள்ள வீட்டுக்காரர்கள் இந்தப் பகுதியைக் கவனமாக வாசியுங்கள். பாம்புக்களா என்று ஒரு சிறு செடி வெளிகளிலும் வேலியோரத்திலும் தானாக முளைக்கும். அதற்கும் சின்ன வெள்ளைப் பூ, சிவந்து பிறகு கறுக்கிற காய், ஒடித்தால் பால். ஆனால் அதில் முள் கிடையாது. ஒரு கணுவைச் சுற்றி நான்கு இலை வரும், நான்கும் ஒரே அளவில் இராது. அது நஞ்சு. முள் இல்லையென்றால் கிளா இல்லை, வாயில் வைக்கக் கூடாது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்துவிடுங்கள். வேலியில் படர்கிற குன்றிமணிக் கொடியும் அப்படியே. கறுப்புக் கண் வைத்த அந்தச் சிவப்பு விதை அழகானது, மென்று விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. கிளா வேலிக்குள் குன்றிமணி ஏறியிருந்தால் காய்க்கும் முன்பே வேரோடு பிடுங்கிவிடுங்கள்.

கன்று எடுப்பது

கிளைத் துண்டை வெட்டி ஊன்றினால் வளரும் என்று நினைத்துப் பலர் வருகிறார்கள். பூவரசும் கிளுவையும் அப்படிக் கதியாலாக ஊன்றினால் பிடிக்கும். கிளா எளிதில் வேர்விடாது. விதைதான் நல்ல வழி. நல்ல காய் தருகிற ஒரு குறிப்பிட்ட செடியே வேண்டும் என்றால் மழைக்காலத்தில் பதி வைக்கலாம்: பென்சில் பருமனான கிளையில் ஓர் அங்குல அகலத்துக்குப் பட்டையை வளையமாக உரித்து, நனைத்த தும்புத்தூளை வைத்துப் பொலித்தீனால் இறுகக் கட்டிவிட வேண்டும். வேர் வர இரண்டு மூன்று மாதம் ஆகும். வேலிக்கு இத்தனை சிரமம் தேவையில்லை.

விதைக்கு, மரத்திலேயே கறுத்து, தொட்டால் மெத்தென்று இருக்கிற பழத்தை எடுங்கள். சிவந்த காயின் விதை முற்றியிருக்காது. பழத்தைத் தண்ணீரில் பிசைந்து சதையைக் கழுவிவிட்டால் தட்டையான பழுப்பு விதைகள் சில கிடைக்கும். நிழலில் ஒரு நாள் உலர்த்திவிட்டு உடனே போட்டுவிட வேண்டும். கிளா விதைக்கு ஆயுள் குறைவு. போத்தலில் போட்டு அடுத்த வருடத்துக்கு வைத்திருந்தால் முளைக்காது. உறவினர் ஊரிலிருந்து அனுப்பிய விதை என்று பொட்டலம் கொண்டு வருகிறவர்களிடம், எப்போது எடுத்தது என்றுதான் முதலில் கேட்பேன்.

விதை போடப் பொலித்தீன் பையில் நிரப்புகிற மண்: மணல் இரண்டு பங்கு, செம்மண் ஒரு பங்கு, மக்கிய மாட்டெரு ஒரு பங்கு. பையின் அடியில் துளை கட்டாயம். விதையை அரை அங்குல ஆழத்தில் போட்டு, அரை நிழலில் வைத்து, மண் காயாமல் மட்டும் தெளியுங்கள். இரண்டு மூன்று வாரத்தில் முளை தெரியும். அதன் பிறகு பொறுமை வேண்டும். கிளா ஆரம்பத்தில் மெதுவாகத்தான் ஏறும். ஆனி, ஆடியில் போட்ட விதை அந்த ஐப்பசிக்கு நடத் தகுந்த கன்றாக இராது. ஒரு மழைக்காலத்தையும் ஒரு கோடையையும் பையிலேயே கழித்துவிட்டு, அடுத்த ஐப்பசியில் ஓர் அடி உயரமாக இறங்கட்டும். அவசரக்காரர்கள் வளர்ந்த கன்றை வாங்கலாம். வாங்கும்போது பையின் அடியைத் தூக்கிப் பாருங்கள். வேர் வெளியே சுருண்டு கிடந்தால் அந்தக் கன்று வேண்டாம்.

எங்கே நடுவது, எப்போது நடுவது

அறுக்கையாக, அதாவது நெருங்கிய அடைப்பாக வளர்ந்த கிளா இரண்டு பக்கமும் சேர்த்து ஐந்தாறு அடி அகலம் எடுக்கும். அதனால் எல்லைக் கல்லின்மேல் நடாதீர்கள். உங்கள் பக்கமாக மூன்றடி உள்ளே தள்ளி நடுங்கள். அந்த மூன்றடியை இழக்க மனமில்லாமல் எல்லையிலேயே நட்டுவிட்டு, பிறகு பக்கத்து வளவுக்காரரின் சறத்தை முள் கிழித்து, பேச்சு வளர்ந்து, கிராம அலுவலர்வரை போன கதைகள் எங்கள் பக்கத்தில் உண்டு. படலை, கிணற்றடி, கொடிக்கயிறு, பிள்ளைகள் சைக்கிள் ஓட்டுகிற இடம் ஆகியவற்றை விட்டு விலகியே இருக்கட்டும். நிழலில் நட்டால் செடி நெட்டையாகப் போகும், பூ குறையும். முழு வெயில்தான் வேண்டும்.

தம்பலகாமம் பக்கத்து வயலோரங்களில் மழைக்குத் தண்ணீர் கட்டி நிற்கும். கிளா எதையும் பொறுக்கும், கால் நனைந்து நிற்பதைப் பொறுக்காது. அங்கே ஓர் அடி உயரத்துக்கு வரம்பு போல மண் அணைத்து அதன்மேல் நட வேண்டும். நிலாவெளி, உப்புவெளி மணலில் அந்தக் கவலை இல்லை. அங்கே எருவும் சத்தும் நிற்காது என்பதுதான் குறை.

நடுவதற்கு நம் பகுதியில் ஒரே ஒரு பருவந்தான். வாடைக்காற்றோடு வருகிற மழை. ஐப்பசியில் முதல் மழை பெய்ததும் ஓடிப்போய் நட வேண்டாம். அந்த மழைக்குப் பிறகு ஒரு வாரம் வெயில் எரிப்பது வழக்கம். கையை மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். மணிக்கட்டுவரை ஈரம் இருந்தால் நடலாம். கார்த்திகை, மார்கழி மழை முழுவதும் அந்தக் கன்றுக்குக் கிடைக்கும். தை முடிவில் மழை நிற்கும்போது வேர் ஆழத்துக்கு இறங்கியிருக்கும். மாசியில் நட்டவர்கள் வாளி தூக்கிக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

கயிறு கட்டிக் குழி எடுங்கள். ஒன்றரை அடி ஆழம், ஒன்றரை அடி அகலம். குழிக்குக் குழி இரண்டடி. மானும் மாடும் அதிகம் வருகிற இடமென்றால் இரண்டு வரிசையாக, முதல் வரிசையின் இடைவெளிக்கு நேரே இரண்டாம் வரிசைக் கன்று வருகிறபடி நடுங்கள். வேலி வேண்டாம், காய்தான் வேண்டும் என்கிறவர்கள் பத்தடிக்கு ஒன்றாகத் தனிச் செடியாக விடலாம். எடுத்த மண்ணோடு ஒரு வாளி கூட்டெருவைக் கலந்து குழியை நிரப்பி, பொலித்தீனைக் கிழித்து எடுத்துவிட்டு, பையில் இருந்த மட்டத்துக்கே கன்றை வைத்து மிதியுங்கள். பையோடு நடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அந்த வேர் பைக்குள்ளேயே சுற்றிச் சுற்றிச் செத்துப்போகும்.

முதல் இரண்டு கோடை

"அக்கா, இந்தச் சின்னக் கன்று எப்போது வேலியாகும்?" என்று ஒரு தம்பி கேட்டார். கட்டடம் கட்டுகிறவர்; ஒரு கிழமையில் மதில் எழுப்பிப் பழகியவர். மூன்று மழைக்காலம் என்றேன். முகம் வாடிவிட்டது. அந்த மூன்று மழைக்காலத்துக்கும் கன்றைக் காப்பதுதான் முழு வேலை. அதற்குப் பிறகு அது உங்களைக் காக்கும்.

இளங்கன்றின் முள் மெத்தென்றிருக்கும், ஆடு தயங்காமல் மேய்ந்துவிடும். அதனால் வெளிப்புறத்தில் பனங்கருக்கு மட்டையை நெருக்கமாக ஊன்றி, இரண்டு வரி ஓலைக் கயிற்றால் வரிந்துவிடுங்கள். செலவில்லாதது, வேலி எழும்புகிற காலத்தில் அதுவும் உக்கி மண்ணோடு சேர்ந்துவிடும். கிடுகு அடித்தால் வெயிலை மறைத்துவிடும், அது வேண்டாம்.

மழை நின்ற பிறகு முதல் கோடையில் கிழமைக்கு இரண்டு தடவை ஒரு செடிக்கு அரை வாளித் தண்ணீர். வைகாசியிலிருந்து வீசுகிற கச்சான் காற்றுத்தான் சோதனை. அந்த அனல் மண்ணின் மேல் ஈரத்தை ஒரே நாளில் உறிஞ்சிவிடும். தூரில் தேங்காய்மட்டையைக் கவிழ்த்து அடுக்கி, மேலே சருகு போடுங்கள். தண்டோடு ஒட்டாமல் நான்கு விரல் இடைவெளி இருக்கட்டும். இரண்டாம் கோடையில் கிழமைக்கு ஒரு தடவை போதும். மூன்றாம் கோடையில் தண்ணீர் ஊற்றாதீர்கள். ஊற்றிக்கொண்டே இருந்தால் வேர் மேலேயே நிற்கும்.

உரமும் அப்படித்தான். வருடத்துக்கு ஒரு தடவை, மழைக்கு முன், ஒரு வாளி கூட்டெரு. யூரியா போட்டால் இலை கொழுத்துப் பூ குறையும். 2021 இல் நாட்டில் இரசாயன உரத்துக்குத் தடை வந்து வயலும் தோட்டமும் தவித்த காலத்திலும் கிளா தன்பாட்டில் பூத்துக் காய்த்தது.

வெட்டுவது

வேலி அடர்த்தியாவது கத்தியில்தான் இருக்கிறது. கன்று முழங்கால் உயரம் வந்ததும் நுனியில் மூன்றில் ஒரு பங்கை வெட்டிவிடுங்கள். பலருக்கு மனம் வராது. வளர்ந்துவிட்டது என்று ஆசையாகப் பார்க்கிற நேரத்தில் வெட்டச் சொல்கிறேனே என்று வருத்தப்படுவார்கள். வெட்டாவிட்டால் தலை மட்டும் விரிந்து அடி வெறுமையாகிவிடும். அந்த ஓட்டை வழியாகத்தான் ஆடும் நாயும் நுழையும். இடுப்பு உயரம் வந்ததும் மறுபடி ஒரு வெட்டு. அதன் பிறகு நாலரை, ஐந்தடியில் நிறுத்தி, அடி அகலமாகவும் மேல் சற்று ஒடுங்கியும் இருக்கிறபடி சரித்து வெட்டுங்கள். அடிக்கிளைக்கும் வெயில் விழ வேண்டும்.

காலம் முக்கியம். பூ புதுக்கிளையின் நுனியில் வருகிறது. காய் பறித்து முடிந்ததும் ஆவணி, புரட்டாசியில் வெட்டினால் மழையில் புதுக்கிளை ஓடி, கோடை தொடங்கும்போது பூக்கும். தை, மாசியில் வெட்டுகிறவர் அந்த வருடப் பூவையெல்லாம் வெட்டிப் போடுகிறார்.

முழுக்கைச் சட்டை, தடித்த கையுறை, மூடிய சப்பாத்து. பால் கண்ணில் படாமல் பாருங்கள். கையில் பிசுபிசுத்தால் தேங்காய் எண்ணெய் தடவித் துடைத்த பிறகு சவர்க்காரம் போட வேண்டும். முதலிலேயே தண்ணீர் ஊற்றினால் ஒட்டிக்கொள்ளும். முள் ஆழமாக ஏறினால் மருந்து வைத்துக் கட்டிவிட்டு இருந்துவிடாதீர்கள். ஏற்பு (டெட்டனஸ்) தடுப்பூசி போட்டு எவ்வளவு காலம் என்று பார்த்து, தேவையென்றால் வைத்தியசாலைக்குப் போய்ப் போட்டுக்கொள்ளுங்கள். வெட்டிய கிளையை ஒழுங்கையில் போடக் கூடாது. காய்ந்த கிளாமுள் சைக்கிள் டயரில் மட்டுமல்ல, செருப்பிலும் ஏறும். வேலியின் அடியில் ஓட்டை தெரிகிற இடங்களில் திணித்துவிடுங்கள். புதுக்கிளை வரும்வரை அதுவே அடைப்பு.

பூச்சித் தொல்லை குறைவு. வெள்ளையாக மாப்பூச்சி பிடித்தால் சவர்க்காரத் தண்ணீரைப் பீச்சினால் போதும். சில வேளை விரல் பருமனில் ஒரு பச்சைப் புழு இலையைத் தின்று தீர்க்கும். தலைப்பக்கம் இரண்டு பெரிய நீலக்கண் வைத்தது போல் புள்ளி தெரியும். பயப்பட ஒன்றுமில்லை. அரளியில் வாழும் அந்துப்பூச்சியின் புழு அது. கையால் எடுத்து அரளிச் செடியில் விட்டுவிடுங்கள், நஞ்சு அடிக்க வேண்டாம். வேலி அடர்ந்த பிறகு தேன்சிட்டும் கொண்டைக்குருவியும் கூடு கட்டும். நஞ்சு அடித்த வேலியில் அவை தங்காது.

காய் பறித்த பிறகு

நட்ட மூன்றாம் வருடம் அளவில் காய்க்கத் தொடங்கும். ஊறுகாய்க்குச் சிவந்த, கெட்டியான காய். வெறுமனே தின்பதற்கும் ஜாமுக்கும் கறுத்த பழம். கிளையை உலுப்பாதீர்கள், கீழே விழுந்து அடிபட்ட காய் மறுநாளே புளித்துவிடும். காலையில், காம்போடு, ஒவ்வொன்றாகப் பறிக்க வேண்டும். கறை துணியில் படிந்தால் போகாது, பழைய உடுப்பைப் போட்டுக்கொள்ளுங்கள்.

சூடை மீன் குழம்பில் பழப்புளிக்குப் பதிலாக ஒரு கைப்பிடி கிளாக்காயைக் கீறிப் போட்டுப் பாருங்கள். புளியின் கனம் இல்லாத, கூர்மையான புளிப்பு வரும். ஜாம் செய்வதும் எளிது: இந்தப் பழத்தில் பெக்டின் நிறைய இருப்பதால் வேறு எதுவும் சேர்க்காமலே இறுகும். பழக்கூழுக்குச் சமனான சீனி போதும். அலுமினியச் சட்டி வேண்டாம், புளிப்பு அதை அரிக்கும். மண்சட்டி அல்லது எவர்சில்வர்.

ஊறுகாய்க்கு அரைக் கிலோ காய் எடுத்துக்கொள்ளுங்கள். கழுவித் துடைத்து இரண்டாகப் பிளந்தால் வெட்டுமுகத்தில் பால் துளித்துளியாகக் கிளம்பும். கத்தி நுனியால் விதையை நீக்கிவிட்டு உப்புத் தண்ணீரில் அரை மணி நேரம் போட்டால் அந்தப் பிசுக்கு கழன்றுவிடும். வடித்து, துணியில் ஈரம் போகும்வரை உலர்த்துங்கள். மூன்று மேசைக்கரண்டி கல்லுப்புத் தூளும் ஒரு தேக்கரண்டி மஞ்சளும் பிரட்டி, சாடியில் இரண்டு நாள் மூடி வையுங்கள். காலை மாலை குலுக்க வேண்டும். மூன்றாம் நாள் 100 மில்லிலீற்றர் நல்லெண்ணெயைக் காய வைத்து, கடுகு வெடித்ததும் அடுப்பை அணைத்து, சூடு தணிந்த பிறகு இரண்டு மேசைக்கரண்டி மிளகாய்த்தூள், வறுத்து இடித்த வெந்தயம் அரைத் தேக்கரண்டி, சிறிது பெருங்காயம் சேருங்கள். கொதிக்கிற எண்ணெயில் மிளகாய்த்தூளைப் போட்டால் கருகிக் கசக்கும். முழுவதும் ஆறியதும் காயின்மேல் ஊற்றிக் கிளறி, எண்ணெய் மேலே நிற்கிறபடி அமுக்கிவிடுங்கள். ஒரு கிழமையில் தோல் மெதுவாகும், அப்போது எடுக்கலாம். ஈரக் கரண்டி மட்டும் சாடிக்குள் போகக் கூடாது.